வி. கீப்பர் லூர்துநாதன்

உட்காருங்க சார். உங்க காதுகுத்துப் பத்திரிகை மிஷின்லதான் ஓடிக்கிட்டிருக்கு, அரை மணி நேரம் ஆகும். ஃபேன் காத்து அந்தப் பக்கம் வராது, நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்குங்க. டீ சொல்லியிருக்கேன்.

சிரிச்சீங்க, பார்த்தேன். பரவால்ல, சிரிங்க. வாசல்ல பேப்பர் பண்டல் எறக்கினவன் 'விக்கெட் அண்ணே, இதை எங்க வைக்கட்டும்'னு கேட்டான்ல, அதுக்குத்தானே? அவனுக்கு என் பேரு தெரியாது. இந்தப் பாலக்கரையில முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. லூர்துநாதன்னு கேட்டு வந்தீங்கன்னா தெரு முனையிலயே திருப்பி அனுப்பிடுவாங்க. விக்கெட் பிரஸ்னு கேட்டா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து விடுவாங்க. என் கல்யாணத்துக்குக் கோயில்ல ஓலை வாசிச்சப்ப, சாமியார் மாப்பிள்ளை பேரு லூர்துநாதன்னு சொன்னதும் பின்னாடி பெஞ்சுல ஒருத்தர் 'யாருப்பா அது'ன்னு கேட்டாராம். பொண்ணு வீட்டுக்காரங்க பயந்து போயிட்டாங்க.

இத்தனைக்கும் நான் கிரிக்கெட் பேட்டைக் கையால தொட்டவன் கிடையாது சார். நான் கால்பந்து. பொன்மலை சகாயமாதா கிளப்புக்கு ஆறு வருஷம் கோல் கீப்பர். சொல்லிக்கக் கூடாது, ஆனா வேற யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க, அதனால நானே சொல்றேன்: அந்த ஆறு வருஷத்துல திருச்சி ஜில்லாவுல எனக்கு மேல ஒரு கீப்பர் கிடையாது.

கையில பேப்பர் வச்சிருக்கீங்களே, கடைசிப் பக்கத்தைத் திருப்புங்க. என்ன போட்டிருக்கான்? யாரோ ஒரு கிரிக்கெட்காரருக்கு முழங்கால் வலி. நாலு காலம் அகலத்துக்குச் செய்தி, பக்கத்துல முழங்கால் போட்டோ. முழங்கால் வலி எங்கம்மாவுக்கும்தான் இருந்துச்சு, எவன் போட்டான்? இப்ப கீழ வாங்க. வலது மூலை. ஏல அறிவிப்புக்கு மேல, தீப்பெட்டி அளவுக்கு ஒண்ணு இருக்கும். இருக்கா? 'கால்பந்து: அரையிறுதியில் நான்கு அணிகள்.' எந்த நாலு அணின்னு போட்டிருக்கானா? போட்டிருக்க மாட்டான். நாலு அணின்னு தெரிஞ்சா போதாதா உங்களுக்குன்னு நினைப்பு.

மழை பேஞ்சா அவன் ஆட்டம் நின்னுடும் சார். தார்ப்பாய் போட்டு மூடிட்டு உள்ள போயி டீ குடிப்பான். நம்ம ஆட்டம் மழையிலதான் சூடு பிடிக்கும். தொண்ணூறு நிமிஷம் ஓடணும், நடுவுல ஒரு தடவைதான் உட்காரலாம். ஒரு பந்து இருந்தா இருபத்திரண்டு பேர் ஆடலாம், பேட் வேணாம், ஸ்டம்ப் வேணாம், செருப்பு ரெண்டைக் கழட்டி வச்சா கோல் போஸ்ட். பொன்மலையில தெருவுக்கு ஒரு டீம் இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் மைதானத்துல ரெண்டாயிரம் பேர் நிப்பாங்க. ரெண்டாயிரம் பேர் நிக்கிற இடத்துக்கு ஒரு நிருபர் வர மாட்டான். உலகக் கோப்பை வந்துட்டா மட்டும் ஒரு மாசம் பேப்பர்க்காரனுக்கு அருள் வந்துடும். எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவனுக்கு முழுப் பக்கம். அவன் இந்தப் பேப்பரைப் படிக்கவா போறான்? படிக்கிற பொன்மலைக்காரனுக்கு மூணு வரி.

அந்த மூணு வரியிலதான் சார் என் வாழ்க்கையே போச்சு.

எம்பத்தெட்டு மே மாசம். மாவட்டப் போட்டி ஃபைனல், எங்களுக்கும் மணப்பாறைக்கும். முழு நேரமும் ஆடி ரெண்டு பேரும் கோல் போடலை. பெனால்டிக்குப் போச்சு. அஞ்சு அடியில மூணைப் பிடிச்சேன். தடுக்கலை சார், பிடிச்சேன். நெஞ்சோட சேத்து. மூணாவதைப் பிடிச்சப்ப தோள் கழண்ட மாதிரி வலி, பந்தை விடலை. என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆர்மரி கேட் வரைக்கும் போனாங்க.

அப்பல்லாம் நிருபர் வராததால கிளப்பே செய்தி எழுதிக் கொண்டுபோயி பேப்பர் ஆபீஸ்ல கொடுக்கணும். எங்க செக்ரட்டரி கையெழுத்து அவருக்கே புரியாது. அதனால நான்தான் எழுதுவேன். அன்னைக்கும் நானே உட்கார்ந்து ரெண்டு பக்கம் எழுதினேன். இந்தக் கட்சிக்காரங்க போஸ்டர்ல போடுவாங்களே, ஆர். லாரி முருகேசன், கே. டைலர் அன்பழகன்னு, முதல்ல இனிஷியல், அப்புறம் பட்டம், அப்புறம் பேரு. பார்க்க எடுப்பா இருக்கும். நானும் என்னை அப்படியே எழுதிக்கிட்டேன். 'வி. கீப்பர் லூர்துநாதன் மூன்று பந்துகளைப் பிடித்து அணியைக் காப்பாற்றினார்.' எங்கப்பா பேரு வியாகுலம். அது ஊருக்கே தெரியும்.

மறுநாள் பேப்பர்ல வந்தது மூணு வரி. எனக்கு மனப்பாடம். 'மாவட்டக் கால்பந்து இறுதிப் போட்டியில் பொன்மலை சகாயமாதா அணி வென்றது. விக்கெட் கீப்பர் லூர்துநாதன் மூன்று பந்துகளைப் பிடித்தார்.' அவ்வளவுதான். ரெண்டு பக்கத்துல மிச்சமெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை. பெனால்டின்னு ஒரு வார்த்தை கிடையாது.

காலையில டீக்கடையில முதல் ஆள் கூப்பிட்டான், 'வாங்க விக்கெட்'டுன்னு. சாயங்காலம் மைதானத்துல எங்க டீம்காரனுங்களே கூப்பிட்டாங்க. தோள்ல தூக்கினவனுங்க சார்.

நேரா பேப்பர் ஆபீசுக்குப் போனேன். எந்தப் பேப்பர்னு கேக்காதீங்க, இப்ப அது இல்லை. விளையாட்டுப் பக்கம் பார்க்குறவர் தியாகசுந்தரம். வெள்ளைச் சட்டை, காதுல ரேடியோ. எங்கயோ டெஸ்ட் மேட்ச் நடக்குது, அவர் ஸ்கோர் எழுதிக்கிட்டிருக்கார். பத்து நிமிஷம் நின்னேன். ஒரு விக்கெட் விழுந்தப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். கோபப்படலை, அதுதான் எனக்கு ஆத்திரம். ஆணியில குத்தி வச்சிருந்த காகிதங்கள்ல இருந்து என் காகிதத்தை உருவி எடுத்தார். எடுத்து விரலை வச்சுக் காட்டினார்.

"இதோ பாருங்க தம்பி. வி. கீப்பர்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. சுருக்கி எழுதியிருந்தீங்க, விரிச்சுப் போட்டேன்."

வி-ங்கிறது எங்கப்பா சார்னேன். அவர் அதுக்கு, "உங்கப்பாவை எனக்கு எப்படித் தெரியும்?"னார்.

கேளுங்க சார் இந்த நியாயத்தை. ஒரு மனுஷன் இனிஷியலைப் பார்த்து அது இனிஷியல்னு தெரியாதா? எழுதினவன் மேல பழி. நான் தெளிவாத்தான் எழுதியிருந்தேன். இன்னைக்குக் காட்டினாலும் அதே மாதிரிதான் எழுதுவேன். திருத்தம் போடுங்கன்னு கேட்டேன். சிரிக்கக்கூட இல்லை அந்த ஆளு. "செய்தியே மூணு வரி. திருத்தம் போட்டா நாலு வரி வரும். கால்பந்துக்கு அவ்வளவு இடம் கொடுத்தா மேல இருந்து கேப்பாங்க"ன்னுட்டு மறுபடி ரேடியோவைக் காதுல வச்சுக்கிட்டார்.

அதோட போயிருந்தா மறந்திருப்பேன். அந்த வருஷம் ஒரு பேங்க்ல விளையாட்டு வீரர்களுக்கு வேலை போட்டாங்க. மெட்ராஸ்ல செலக்‌ஷன். பேப்பர்ல பேர் வந்ததை வெட்டி ஒட்டி அனுப்பணும்னு சொன்னாங்க. என்கிட்ட இருந்தது அந்த மூணு வரிதான், ஒட்டினேன். விண்ணப்பத்துல விளையாட்டுன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. 'கீப்பர்'னு எழுதினேன். உலகத்துல கீப்பர்னா யாரு சார்? கோலுக்கு முன்னாடி நிக்கிறவன்தானே?

லெட்டர் வந்துச்சு. கிரிக்கெட் தேர்வுக்கு இந்தத் தேதியில வாங்க, சொந்தக் கையுறை, கால்காப்பு கொண்டு வாங்கன்னு. ஏதோ தப்பா அடிச்சிருக்கான், நேர்ல போனா சரியாயிடும்னு ரயில் ஏறிட்டேன். போயி நின்னா அங்க எல்லாரும் வெள்ளை பேன்ட். நான் நீல டவுசர். ஆபீசர்கிட்ட சொன்னேன். கால்பந்து செலக்‌ஷன் போன வாரமே முடிஞ்சிடுச்சு, ரெண்டு கீப்பர் எடுத்தாச்சுன்னார். நான் கால்பந்துக்குத்தான் விண்ணப்பிச்சேன் சாருன்னேன். ஃபைலைத் திறந்து அந்தக் கட்டிங்கைக் காட்டி, பேப்பர்லயே போட்டிருக்கேப்பான்னார். அந்த ரெண்டு கீப்பர்ல ஒருத்தன் மணப்பாறைக்காரன் சார். நான் ஜெயிச்ச மேட்ச்ல எதிர்ப்பக்கம் நின்னவன். இன்னைக்கு மேனேஜரா ரிடையர் ஆகி காஜாமலையில மாடி வீடு கட்டியிருக்கான். மூணு பெனால்டி பிடிச்ச நான் அவன் வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகைக்குப் புரூஃப் பார்த்தேன்.

ஆமா, அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தேன். ஒரு எழுத்தால கெட்டவன், இனி ஒருத்தன் எழுத்துலயும் தப்பு வர விடக்கூடாதுன்னு பிரஸ்ல புரூஃப் பார்க்கச் சேர்ந்தேன். அப்புறம் இந்த பிரஸ்ஸே என்னுதாச்சு. நேத்து வரைக்கும் விக்கெட் பிரஸ்ல ஒரு எழுத்துத் தப்புன்னு எவனும் வந்து நின்னதில்லை. ஒவ்வொரு புரூஃபையும் மூணு தடவை படிப்பேன். உங்களுதையும் படிச்சேன். மாமனார் பேர்ல ஒரு 'ற' தப்பா இருந்துச்சு, திருத்திட்டேன்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒரு காலையில நல்ல உயரமா ஒருத்தர் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருக்கு. அப்பா தவறிட்டார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வேணும், மதியத்துக்குள்ள ஒட்டணும்னார். போட்டோ கொடுத்தார். வயசாகியிருந்துச்சு, ஆனா அந்தக் காது எனக்குத் தெரியும் சார். ரேடியோ வச்ச காது. அப்பா பேரைக் கேட்டேன், தியாகசுந்தரம்னார். மகனுக்கு நான் யாருன்னு தெரியாது. கௌரிசங்கர்னு பேரு, பெங்களூர்ல வேலை.

என்ன வாசகம் போடணும்னு கேட்டேன். 'மூத்த பத்திரிகையாளர்'னார். அப்புறம் கொஞ்சம் யோசிச்சுட்டு, "அப்பா காலேஜ்ல விக்கெட் கீப்பர். அதைப் பத்திப் பெருமையாச் சொல்லிக்கிட்டே இருப்பார். அதையும் போடுங்க"ன்னார்.

பார்த்தீங்களா. அந்த ஆளே விக்கெட் கீப்பர். அதான் கீப்பர்னு கண்ணுல பட்டதும் தன்னை நினைச்சுக்கிட்டார். தன் மூஞ்சியை என் மேல ஒட்டிட்டார்.

'முன்னாள் கோல் கீப்பர்'னு டைப் பண்ணச் சொன்னேன். கம்ப்யூட்டர்ல இருக்குற பொண்ணு விக்டோரியா என்னை ஒரு மாதிரி பார்த்துச்சு. அடின்னு சொன்னேன். புரூஃப் எடுத்து கௌரிசங்கர்கிட்ட நீட்டினேன். துக்கத்துல இருக்கறவங்க புரூஃப் படிக்க மாட்டாங்க சார், போட்டோவை மட்டும் பார்த்துட்டு அழுதுக்கிட்டே கையெழுத்துப் போடுவாங்க. அதனாலதான் அவங்களுக்காக நான் மூணு தடவை படிக்கிறது. இதையும் மூணு தடவை படிச்சேன். மூணு தடவையும் இனிச்சுது.

பிழை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க. பிழை வேற, பழி வேற. வாழ்க்கை முழுக்கக் கிரிக்கெட் கிரிக்கெட்டுன்னு கால்பந்தை மூலையில போட்டு நசுக்கின ஆளு, ஊர் பூரா செவுத்துல கால்பந்துக்காரனாத் தொங்கட்டும். அவரோட கிரிக்கெட் சிநேகிதனுங்க பார்த்துச் சிரிக்கட்டும். டீக்கடையில நின்னு 'என்னய்யா, தியாகு கோல் கீப்பராமே'ன்னு பேசட்டும். நான் கேட்ட பேச்சை அவரும் கேக்கட்டும், காது இருந்தா என்ன, இல்லைன்னா என்ன. அம்பது போஸ்டர் கேட்டார். நான் இருநூறு அடிச்சு, பொன்மலைப் பக்கமும் ஒட்டச் சொல்லி ஆள் அனுப்பினேன்.

சாயங்காலம் நானும் போனேன், சாவு வீட்டுக்கு. எதுக்குப் போனேன்னா, சிரிக்கிறதைப் பார்க்கப் போனேன். தெருவுல திரும்பறேன், ஒரே கூட்டம். கிரிக்கெட்காரனுங்களா இருக்கும்னு பார்த்தா எல்லாம் கால்பந்து ஜெர்ஸி. எங்க ஆளுங்க சார். சகாயமாதா, ரயில் காலனி, சங்கிலியாண்டபுரம், எல்லா டீமும். போஸ்டரைப் பார்த்திருக்கானுங்க. கோல் கீப்பர் செத்துட்டார்னு போட்டிருக்கு. எந்த டீமு, எந்த வருஷம், ஒருத்தனும் கேக்கலை. பழைய கீப்பர் ஒருத்தர், அவ்வளவுதான், வண்டியை எடுத்துக்கிட்டு வந்துட்டானுங்க. அறுபது பேருக்குக் குறையாது.

எங்ககிட்ட ஒரு பழக்கம் உண்டு. கீப்பர் செத்துட்டா, தூக்குறதுக்கு முன்னாடி அவர் கையில பந்தை வச்சு, ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா நிக்கணும். அப்புறம் கேப்டன் அதை வாங்கிக்கணும். அவர் கடைசியாப் பிடிச்ச பந்துன்னு அதை அடுத்த மேட்ச்ல ஆடுவாங்க. ரயில் காலனி கேப்டன் பந்தோட நிக்கிறான். சுத்திப் பார்க்கறான். என்னைப் பார்த்துட்டான். "விக்கெட் அண்ணன் வந்துட்டார், அவர்தான் மூத்த கீப்பர், அவரே வைக்கட்டும்"னு பந்தை என் கையில திணிச்சுட்டான்.

என்ன செய்வேன் சார். அத்தனை பேர் பார்க்கறாங்க. அந்த ஆளோட கையைப் பிரிச்சு, நானே பந்தை வச்சேன். என் ரெண்டு பக்கத்தையும் கோடு போட்டு அடிச்சு மூணு வரியாக்கின கை. அவர் சம்சாரம் பக்கத்துல உட்கார்ந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "இவ்வளவு பேர் இருக்கீங்கன்னு அவர் சொன்னதே இல்லையே"ன்னு அழுதாங்க. எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. அது எனக்கு வர வேண்டிய மரியாதை சார். எனக்குன்னு வச்சிருந்த கூட்டம் அது. நான் இன்னும் சாகலை, அதுக்குள்ள அதை அவருக்குக் கொடுத்துட்டேன்.

இதுக்கு மேல ஒண்ணு கேளுங்க. மறுநாள் பேப்பர்ல, உங்க கையில இருக்கே, இந்தப் பேப்பர்லதான், போட்டோவோட போட்டிருக்கான். 'முன்னாள் கோல் கீப்பர் மறைவு: கால்பந்து வீரர்கள் திரண்டு அஞ்சலி.' ரெண்டு காலம். பந்து கையில இருக்குற போட்டோ. என் கை மட்டும் ஓரமாத் தெரியுது. இருபத்தாறு வரி எண்ணிப் பார்த்தேன். இந்த ஊர்ல கால்பந்துக்கு வந்த பெரிய செய்தி அதுதான் சார். பந்தையே உதைக்காத ஆளுக்கு.

நீங்க வர்றப்ப எதிர்ல போனாரே, கட்டம்போட்ட சட்டை, பார்த்தீங்களா? அவர்தான் கௌரிசங்கர். நாளன்னைக்குப் பதினாறாம் நாள் காரியம், கார்டு அடிக்கக் கொடுத்துட்டுப் போறார். நான் மனசைத் திடப்படுத்திக்கிட்டு உட்கார்ந்திருந்தேன், கண்டுபிடிச்சிருப்பார், சண்டைக்குத்தான் வர்றார்னு. வரட்டும்னுதான் இருந்தேன். கத்தினார்னா எம்பத்தெட்டுல இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வார்த்தையெல்லாம் தயாரா வச்சிருந்தேன்.

அவர் கத்தலை. குரலைத் தாழ்த்திக்கிட்டு, "போஸ்டரைப் பார்த்த உடனே தெரிஞ்சுது சார், நீங்க கவனிக்காம மாத்திப் போட்டுட்டீங்க. ஆனா அதுவே நல்லதாப் போச்சு. கிரிக்கெட் சங்கத்துல இருந்து ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கலை. முப்பது வருஷம் அவங்களுக்காக எழுதினவர். உங்க ஆளுங்க வரலைன்னா நாங்க நாலு பேர்தான் நின்னிருப்போம். அம்மாவுக்கு எல்லாக் கீப்பரும் ஒண்ணுதான், கார்டுலயும் கோல் கீப்பர்னே இருக்கட்டும்னு சொல்றாங்க. போஸ்டர்ல வந்தது தப்புன்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாம்"னார்.

நான் கவனிக்கலையாம். இத்தனை வருஷத்துல என்கிட்ட முதல் தடவை ஒருத்தன் எழுத்துத் தப்புன்னு சொல்லிட்டு, மன்னிச்சுட்டும் போறான். வேணும்னேதான்யா பண்ணேன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. அம்மா அனுப்பினாங்கன்னு ஒரு டிபன் டப்பாவை வேற மேஜையில வச்சார். எடுத்து ஓரமா வச்சேன்.

இதோ புரூஃப். படிங்க. 'மூத்த பத்திரிகையாளர், முன்னாள் கோல் கீப்பர், அமரர் தியாகசுந்தரம்.' அந்த அம்மா கையாலயே எழுதிக் கொடுத்தது, அச்சு அசலா அப்படியே வந்திருக்கு. கார்டு வீட்டுல கண்ணாடி போட்டு மாட்டுவாங்க. போஸ்டர் மழையில போயிடும், இது போகாது. இனி அவர் பேரன் பேத்திக்கெல்லாம் அந்த ஆளு கோல் கீப்பர்.

விட மாட்டேன் சார். நெஞ்சோட சேத்துப் பிடிச்சு வச்ச வார்த்தை அது. ஒரு தடவை என்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டார், ரெண்டாவது தடவை நானே தூக்கிக் கொடுத்துட்டேன். மூணாவது தடவை கிடையாது. அந்தச் சிவப்புப் பேனாவை இப்படிக் கொடுங்க. பாருங்க, 'கோல்' மேல ஒரு கோடு. மேல தெளிவா, புரியுற மாதிரி, 'விக்கெட்'. ஓரத்துல என் கையெழுத்து. விக்டோரியா, இதைத் திருத்தி மிஷினுக்கு அனுப்பும்மா.

என்ன சார் அப்படிப் பார்க்கறீங்க? கார்டைப் பார்த்தா அந்த அம்மா வருத்தப்படுவாங்கதான். படட்டும். நான் முப்பத்தாறு வருஷம் பட்டிருக்கேன்.